புது வீட்டில் காஸ் அடுப்பு: பாதுகாப்பாகப் பாவிப்பதும் பழுதைக் கண்டறிவதும்

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய பல குடும்பங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் விறகடுப்பிலேயே சமைத்தார்கள். மயிலிட்டி, பலாலி, தெல்லிப்பழைப் பக்கங்களில் காணி விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பும்போது, உதவிப் பொருளாகவோ வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அனுப்பிய காசிலோ ஒரு காஸ் அடுப்பும் வீட்டுக்கு வருகிறது. விறகுப் புகை இல்லாமல் சமைப்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் விறகு நெருப்பைப் பற்றி நாங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை காஸுக்கு அப்படியே பொருந்தாது. விறகு எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். காஸ் கசிந்தால் தெரியாது.

இந்தப் பகுதியை வீட்டில் சமைப்பவர் மட்டுமல்ல, எல்லோரும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். காஸ் மணம் வரும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

முதலில்: அடுப்பு வைக்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

நீண்ட காலம் ஆட்கள் இல்லாத காணிக்குத் திரும்புகிறீர்கள் என்றால், எந்த அடுப்பையும் மூட்டும் முன் இதைக் கவனியுங்கள்.

• காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். அகற்றப்பட்ட காணியிலும் ஆழத்தில் பழைய எறிகணையோ வெடிபொருளோ தப்பிக் கிடக்கலாம்.

• பற்றைகளையும் குப்பையையும் குவித்து எரிக்க வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் வெடிக்காத வெடிபொருள் சூட்டினால் வெடிக்கக்கூடும். கல்லடுப்பு மூட்டுவதானால் பழைய சீமெந்து நிலத்தின் மேல் அல்லது நீங்கள் ஏற்கெனவே கவனமாகத் துப்புரவாக்கிய இடத்தில் மூட்டுங்கள். குழி தோண்டி அடுப்பு வைக்க வேண்டாம்.

• இடிந்த வீட்டுக்குள்ளோ கிணற்றடியிலோ துருப்பிடித்த சிலிண்டர் கிடந்தால் தொட வேண்டாம், உருட்ட வேண்டாம், பழைய இரும்புக்கு விற்க எடுக்க வேண்டாம். அது காஸ் சிலிண்டராக இருந்தாலும் உள்ளே மிச்சம் இருக்கலாம். காஸ் சிலிண்டராக இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம். இடத்துக்கு அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது பொலிசுக்கு (119) அறிவியுங்கள்.

காஸின் குணம் என்ன?

சிலிண்டருக்குள் இருப்பது புறொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அமுக்கத்தால் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே வரும்போது அது வாயுவாக மாறி ஏறத்தாழ 250 மடங்கு விரிகிறது. ஒரு போத்தல் அளவு திரவம் கசிந்தாலும் ஒரு சின்னக் குசினி முழுதும் பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். காற்றில் நூறில் இரண்டு பங்கு காஸ் கலந்தாலே தீப்பற்றப் போதும்.

இயல்பில் இந்த வாயுவுக்கு மணம் இல்லை. கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே அழுகிய முட்டை போன்ற ஒரு நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் உங்களுக்கான எச்சரிக்கை. தடிமன் பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது தெரியாமல் போகலாம்.

மிக முக்கியமான குணம் இது: காஸ் காற்றை விடப் பாரமானது. புகை மேலே போகும். காஸ் கீழே இறங்கும். நிலத்தோடு ஊர்ந்து கதவிடுக்கால் அடுத்த அறைக்குப் போகும். வடிகானிலும் பள்ளத்திலும் கிணற்றிலும் தேங்கும். இங்கேதான் எங்கள் வீடுகளின் ஆபத்து. மின்சாரம் வராத வீட்டில் சிமினி விளக்கை எங்கே வைக்கிறோம்? நிலத்தில். நுளம்புத்திரியை எங்கே கொளுத்துகிறோம்? நிலத்தில். பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்? நிலத்தில் பாய் விரித்து. காஸ் தேங்கும் இடத்திலேயே நெருப்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே, விளக்கையும் நுளம்புத்திரியையும் குசினிக்குள்ளும் குசினிக் கதவை ஒட்டியும் நிலத்தில் வைக்க வேண்டாம். சாமி விளக்கும் சிலிண்டரும் ஒரே அறையில் இருக்க வேண்டாம்.

2021இல் நடந்ததும் அதில் நமக்குள்ள பாடமும்

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இலங்கையின் பல மாவட்டங்களில் காஸ் அடுப்புகளும் இணைப்புகளும் அடுத்தடுத்து வெடித்தன. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் காயமடைந்தார்கள். ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு ஆராய்ந்து, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதே முக்கிய காரணம் என்று கூறியது. புறொப்பேனின் பங்கு கூடும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். முந்திய அமுக்கத்தைத் தாங்கிய பழைய குழாயும் தளர்ந்த கிளிப்பும் தேய்ந்த வாசரும் கூடிய அமுக்கத்தில் கசியத் தொடங்கும்.

கலவையைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இல்லை. இணைப்பைச் சரிபார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. “போன சிலிண்டருக்கு ஒன்றும் நடக்கவில்லை” என்பது இந்தச் சிலிண்டருக்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் கீழே சொல்லப்படும் சவர்க்கார நீர்ச் சோதனையைச் செய்யுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. வாய்ப்பகுதியின் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் வாங்க வேண்டாம்.

2. வெறும் சிலிண்டரின் நிறை அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். அதனுடன் காஸின் நிறையைக் கூட்டினால் வருவதே மொத்த நிறை. 12.5 கிலோ சிலிண்டர் என்றால் எழுதியுள்ள நிறையுடன் 12.5ஐக் கூட்டுங்கள். கடையில் தராசில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

3. ஆழமாக நசுங்கியதையும் அடிப்பகுதி துருப்பிடித்ததையும் மாற்றிக் கேளுங்கள்.

4. ரெகுலேட்டர் உங்கள் சிலிண்டரின் வாய்க்குப் பொருந்த வேண்டும். கம்பனிக்குக் கம்பனி, சிறிய சிலிண்டருக்கும் பெரிய சிலிண்டருக்கும் இடையில் வேறுபாடு இருக்கலாம். பொருந்தாததை நாடா சுற்றி இறுக்க வேண்டாம். கடைகளிலும் கொட்டில்களிலும் பாவிக்கும் கூடிய அமுக்க ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்குப் போட வேண்டாம்.

5. குழாய் காஸுக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குழாயைக் காஸ் கரைத்துவிடும். அதை ஒருபோதும் போட வேண்டாம். குழாயின் இரண்டு முனைக்கும் கிளிப் வேண்டும். கம்பியோ கயிறோ போதாது.

6. ஓட்டோவிலோ சைக்கிளிலோ கொண்டுவரும்போது சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிக் கொண்டுவாருங்கள். கொண்டுவருபவர் வழியில் புகை பிடிக்கக் கூடாது.

எங்கே, எப்படி வைப்பது?

• சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, சமதரையில் நிற்க வேண்டும். சரித்தாலோ படுக்க வைத்தாலோ வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்து சுவாலை சீறிப் பாயும்.

• அடுப்பு சிலிண்டரின் வாயை விட உயரமான மேசையில் இருக்கட்டும். சிலிண்டரை அடுப்பின் நேர் கீழே வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். குழாய் அடுப்பின் அடியிலோ சூடான பாத்திரத்தின் அருகிலோ போகக் கூடாது.

• குசினிக்கு இரண்டு பக்கம் காற்று வழி வேண்டும். யன்னல் மட்டும் போதாது. காஸ் கீழே தேங்குவதால் நிலத்தோடு ஒட்டிய ஓர் இடைவெளியும் வேண்டும். வீடு கட்டும் மேசனிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

• தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் கிடுகு, தறப்பாள், பனையோலைத் தட்டி ஆகியவற்றுக்கு அருகே அடுப்பை வைக்க வேண்டாம். அடுப்புக்குப் பின்னால் ஒரு தகரத்தை நிறுத்துங்கள். கூரை தாழ்வானதென்றால் பொரியல், தாளிப்பை வெளியே செய்யுங்கள்.

• பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டில் கொதிக்கும். சிலிண்டர் வெயில் படாத, நிழலான இடத்தில் இருக்கட்டும். வெறும் சிலிண்டரையும் அப்படியே வையுங்கள். அதற்குள்ளும் காஸ் மிச்சம் இருக்கும்.

• கிணற்றடியில், வடிகான் ஓரத்தில், படுக்கையறையில் சிலிண்டர் வைக்க வேண்டாம்.

சவர்க்கார நீர்ச் சோதனை

சிலிண்டர் மாற்றும்போதும், மாதத்துக்கு ஒரு தரமும் செய்யுங்கள். ஐந்து நிமிடமே ஆகும்.

1. வீட்டில் எரியும் விளக்கு, திரி, விறகடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். கதவு யன்னலைத் திறவுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

2. அடுப்பின் திருகிகள் எல்லாம் மூடியிருக்கட்டும்.

3. ரெகுலேட்டரைப் பொருத்தித் திறவுங்கள். இப்போது குழாயில் காஸ் நிற்கிறது.

4. ஒரு கோப்பைத் தண்ணீரில் சவர்க்காரத்தைக் கரைத்து நுரை எழுப்புங்கள். ரெகுலேட்டரைச் சுற்றியும், குழாயின் இரண்டு முனையிலும், குழாய் நெடுகிலும் அந்த நுரையைத் தடவுங்கள்.

5. குமிழி கிளம்பினால் அங்கே கசிகிறது. உடனே ரெகுலேட்டரை மூடுங்கள். கிளிப்பை இறுக்கி, வாசரைப் பார்த்து, மறுபடி சோதியுங்கள். இரண்டாம் முறையும் குமிழி வந்தால் பாவிக்க வேண்டாம். சிலிண்டரை வெளியே திறந்த இடத்தில், நெருப்புக்குத் தூரமாக வைத்து விற்பனையாளரை அழையுங்கள்.

நெருப்புக் குச்சியைக் காட்டிக் கசிவு தேடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிரைப் பணயம் வைப்பது.

குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தாலும், எலி கடித்த அடையாளம் இருந்தாலும் அன்றே மாற்றுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் எலிக் கடியை முக்கியமாகப் பாருங்கள்.

ஒவ்வொரு நாளும்

• பற்ற வைக்கும்போது நெருப்பு முதலில், காஸ் பிறகு. குச்சியைத் தட்டிக் கிட்டக் கொண்டுபோன பின் திருகியைத் திறவுங்கள்.

• பற்றாவிட்டால் திருகியை மூடி, சில நிமிடம் காற்றாட விட்டு மறுபடி முயலுங்கள். திறந்தபடி அடுத்த குச்சியைத் தேட வேண்டாம்.

• சோறு பொங்கி வழிந்து சுவாலையை அணைத்துவிடும். காஸ் தொடர்ந்து வரும். உலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கோ கடைக்கோ போக வேண்டாம்.

• சமைத்து முடிந்ததும் ரெகுலேட்டரை முதலில் மூடுங்கள். குழாயில் உள்ள காஸ் எரிந்து அணைந்த பின் அடுப்பின் திருகியை மூடுங்கள். இரவு படுக்கும் முன் இன்னொரு தரம் பாருங்கள்.

• மாரி காலத்தில் ஈர உடுப்பை அடுப்புக்கு மேல் காயப்போட வேண்டாம்.

• பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு வீட்டில் காஸ் மாற்ற வேண்டாம். தட்டுப்பாட்டுக் காலத்திலும் வேண்டாம்.

அடுப்பு சரியாக எரியாவிட்டால்

சுவாலை மஞ்சளாக எரிகிறது, பானையடியில் கரி பிடிக்கிறது: நல்ல சுவாலை நீலமாக, அமைதியாக இருக்கும். மஞ்சள் என்றால் காஸுக்குப் போதிய காற்றுச் சேரவில்லை. பர்னரின் துளை அடைபட்டிருக்கலாம், அல்லது நீண்ட நாள் கிடந்த அடுப்பின் காற்று வழியில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னரைக் கழற்றித் தூரிகையால் துப்புரவாக்கிக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பின் பொருத்துங்கள். காஸ் வரும் நுண்துளையை ஊசியால் குத்த வேண்டாம். துளை பெருத்தால் பிறகு அடுப்பு ஒருபோதும் சரியாக எரியாது.

சுவாலை சிறிதாகிறது: முதலில் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து சிலிண்டரைத் தூக்கி அல்லது நிறுத்துப் பாருங்கள். முடியும் நிலையென்றால் மாற்றுங்கள். சுடுதண்ணீரில் வைத்தோ குலுக்கியோ படுக்க வைத்தோ கடைசிக் காஸை எடுக்க முயல வேண்டாம்.

சுவாலை உயர்ந்து பர்னரை விட்டு எழும்புகிறது: அமுக்கம் கூடிவிட்டது. ரெகுலேட்டர் பழுது. உடனே மூடி, புதியதை மாற்றும் வரை பாவிக்க வேண்டாம். ரெகுலேட்டரைத் திறந்து திருத்த முயலக் கூடாது.

பர்னருக்குள்ளே சத்தத்துடன் எரிகிறது: சுவாலை உள்ளே பின்வாங்கிவிட்டது. மூடி ஆற விடுங்கள். பர்னர் மூடி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி பற்ற வையுங்கள்.

அடிக்கடி அணைகிறது: சோளகக் காற்றுக் காலத்தில் இது வழக்கம். அடுப்பை இடம் மாற்றுங்கள், அல்லது காற்று வரும் பக்கத்தில் மட்டும் தகரம் நிறுத்துங்கள். காட்போட் வேண்டாம். சிலிண்டரையும் சேர்த்து நாலு பக்கமும் அடைக்க வேண்டாம்.

சிலிண்டர் வியர்க்கிறது: திரவம் வாயுவாகும்போது குளிரும். நீண்ட நேரம் சமைத்தால் வெளிப்பக்கம் ஈரம் பிடிப்பது இயல்பு. பயப்பட வேண்டாம்.

பூட்டிய அறையில் நெருப்பு

கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவினர் தங்கள் வீட்டுக் காஸ் சூடேற்றிகளைப் பற்றிச் சொல்லும்போது காபனோரொட்சைட்டு என்ற பேரைச் சொல்லியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கும் கருவியை அவர்கள் சுவரில் பொருத்தி வைத்திருப்பார்கள். நமக்குச் சூடேற்றி தேவையில்லை. ஆனால் அதே நச்சுவாயு நம் வீட்டிலும் உண்டாகலாம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் காஸோ விறகோ சிரட்டைக் கரியோ எரிந்தால் அது வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி, தூக்கம் என்று தொடங்கி மயக்கத்தில் முடியும்.

பிள்ளை பெற்ற தாய் இருக்கும் அறைக்குள் தணல் சட்டி வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். மழை இரவில் அடுப்பை எரியவிட்டு அதன் அருகே படுக்க வேண்டாம். ஒரே அறையில் இருந்தவர்கள் பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி வந்தால், எல்லோரையும் வெளியே கொண்டுவந்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

இந்தப் பக்கத்தைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள்

காஸ் மணம் வந்தால்:

1. எரியும் அடுப்பு, விளக்கு, திரி எதுவும் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். புதிதாக எதையும் பற்ற வைக்க வேண்டாம்.

2. மின் ஆளியைத் தொட வேண்டாம். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும்.

3. ரெகுலேட்டரை மூடுங்கள்.

4. கதவு யன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். முதலில் நிலத்தில் படுத்திருக்கும் பிள்ளைகள்.

5. தொலைபேசியை வெளியே, தூரத்தில் நின்று பாவியுங்கள். மணம் முழுதாகப் போகும் வரை உள்ளே போக வேண்டாம்.

தீப்பற்றினால்:

1. ஆட்களை வெளியேற்றுங்கள்.

2. ரெகுலேட்டரை ஆபத்தில்லாமல் எட்ட முடிந்தால் மட்டும், ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடுங்கள்.

3. மூட முடியாவிட்டால் சுவாலையை அணைக்க முயல வேண்டாம். அணைந்தால் எரியாத காஸ் பரவி வெடிக்கும். தூரப் போய் அயலவரையும் விலகச் சொல்லுங்கள்.

4. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுப்பை மூடி, சட்டியை மூடியால் மூடுங்கள்.

ஒருவர் எரிந்தால்:

1. உடுப்பில் நெருப்புப் பிடித்தால் ஓட விட வேண்டாம். நிலத்தில் படுத்து உருளச் சொல்லுங்கள். தடித்த பருத்திப் போர்வையால் மூடி அணையுங்கள்.

2. எரிந்த இடத்தில் 20 நிமிடம் சுத்தமான, குளிர்ந்த கிணற்று நீரை மெதுவாக ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம்.

3. பற்பசை, எண்ணெய், மஞ்சள், முட்டை எதுவும் பூச வேண்டாம். ஒட்டியிருக்கும் துணியை இழுக்க வேண்டாம். காப்பு, மோதிரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள்.

4. சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அழைக்க வேண்டிய இலக்கங்கள்: தீயணைப்பு 110. அம்புலன்ஸ் 1990 (கட்டணம் இல்லை). பொலிஸ் 119. விற்பனையாளரின் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் பார்த்து இங்கே எழுதுங்கள்: ........................

ஊர் திரும்பிய புதிதில் வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் இல்லாமல் இருக்கலாம். அம்புலன்ஸ் வர வழி சொல்ல வேண்டும். உங்கள் கிராம அலுவலர் பிரிவையும், அருகில் உள்ள கோயில், பாடசாலை அல்லது சந்தியின் பெயரையும் அதே தாளில் எழுதி வையுங்கள். பிள்ளைகளும் அதைப் பார்த்துச் சொல்லப் பழகட்டும்.